வயதானால் பக்தி தானாக வந்துவிடுமா?

கேள்வி: 2025 பிப்ரவரி 9

இளமையில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேடையேறியவர்கள் பலர் இன்று நெற்றி நிறையத் திருநீற்றோடு கோவில் வாசலில் நிற்பதைப் பார்க்கிறேன். நாத்திகம் என்பது உடம்பில் தெம்பு இருக்கும் வரைதான். அறுபதைத் தாண்டினால் பக்தி தானாக வந்துவிடும் என்பது என் முடிவு. எழுபதைத் தாண்டியவர்கள் யாராவது இதை மறுக்க முடியுமா?

2025 பிப்ரவரி 10

மறுக்க முடியும். எனக்கு 73 நடக்கிறது. அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்து 2012இல் ஓய்வு பெற்றேன். கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்கு நடந்துபோகும் தொலைவில் வீடு. எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கோபுரம் தெரிகிற ஊரில் இத்தனை காலம் இருந்தும் எனக்குப் பக்தி வரவில்லை.

வயதுக்கும் பக்திக்கும் நீங்கள் போடும் முடிச்சு வரலாற்றிலும் நிற்கவில்லை. பெரியார் தம் 95ஆம் வயதில், 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் கடைசிக் கூட்டத்தில் பேசினார். ஐந்து நாளில் இறந்துபோனார். மூத்திரச் சட்டியையும் கூடவே தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த அந்த உடம்பு, கடவுளைப் பற்றிய பேச்சில் ஓர் எழுத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. கண்ணதாசன் நாத்திகத்தைக் கைவிட்டபோது அவர் கிழவர் இல்லை. அவர் இறந்ததே 54 வயதில்தான். அப்பர் சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பியதற்குப் பெரிய புராணம் சொல்லும் காரணமும் சூலைநோயே தவிர மூப்பு இல்லை.

கோவிலில் கிழவர்கள் நிறையத் தென்படுவதற்கு எனக்குத் தெரிந்த காரணம் வேறு. பகல் பத்து மணிக்கு, காசு கொடுக்காமல், யாரும் எழுந்திருக்கச் சொல்லாமல், குளிர்ந்த கல்தரையில் தூணில் சாய்ந்துகொண்டு உட்கார இந்த ஊரில் வேறு இடம் எது? திண்ணைகளை இடித்துக் கடைகள் கட்டிவிட்டோம். நூலகத்தில் நாற்காலி உண்டு, பேசக் கூடாது. பேசவும் வேண்டும், உட்காரவும் வேண்டும் என்றால் பிரகாரம்தான்.

2025 பிப்ரவரி 11

நாகேசுவரன் கோவில் வாசலில் என்னைப் பார்த்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். பார்த்திருப்பார். என் மனைவிக்கு 2022இல் முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்தார்கள். பையையும் கைத்தடியையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு அவளால் படி ஏற முடியாது. செருப்பைக் காப்பது, பையைத் தூக்குவது, அவள் உள்ளே போய்வரும் வரை வாசலில் நிற்பது என்பன என் பொறுப்பு. அதை யாராவது பக்திக் கணக்கில் எழுதிவிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் தவறான பதிவு.

2025 மார்ச் 12

இன்று மாசி மகம். காலையிலிருந்தே குளத்தில் கூட்டம்.

எங்கள் ஊரில் வயதை மகாமகத்தில் எண்ணுகிற வழக்கம் உண்டு. வியாழன் சூரியனை ஒரு முறை சுற்றிவர ஏறக்குறைய 11.86 ஆண்டுகள் ஆகின்றன. அது சிம்ம ராசியில் நிற்கும் காலத்து மாசி மகமே மகாமகம் என்பதால், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஊரே ஒரு பிறந்தநாள் கொண்டாடுவதைப் போல இருக்கும். 1968, 1980, 1992, 2004, 2016 என்று ஐந்து மகாமகங்கள் என் நினைவில் இருக்கின்றன. அடுத்தது 2028.

1992 பிப்ரவரி 18 அன்று நெரிசலில் ஐம்பது பேர் அளவில் இறந்தார்கள். நான் அன்று பணியில் இருந்தேன். கைப்பேசி இல்லாத காலம். செய்தி வானொலியில் போன பிறகு வெளியூர்க்காரர்கள் தந்தி கொடுக்க வரிசையாக வந்து நின்றார்கள். இரவு வரை வந்த படிவங்களில் முகவரிதான் மாறியது. செய்தி ஒன்றேதான்: பத்திரமாக இருக்கிறேன். ஈர வேட்டியோடு நின்ற ஒருவர் மட்டும் படிவத்தை வாங்கி, நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, எதையும் எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். புண்ணியம் தேடி வந்த இடத்தில் சாவு என்று அன்று மேடையில் பேசியவர்களும் உண்டு, மோட்சம் கிடைத்துவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டையும் கேட்கும்போது எனக்கு அந்த வெற்றுப் படிவம்தான் நினைவுக்கு வந்தது.

1968 மகாமகத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போது நான் அரசுக் கல்லூரியில் புகுமுக வகுப்பு மாணவன். வீட்டார் எல்லோரும் குளத்தில் இறங்க, நான் மட்டும் கறுப்புச் சட்டையோடு கரை மண்டபம் ஒன்றின் நிழலில் கைகட்டி நின்று, இறங்க மாட்டேன் என்று மறுத்துவிட்டேன். குளத்தைச் சுற்றி மொத்தம் பதினாறு மண்டபங்கள். நாயக்கர் காலத்து அமைச்சர் கோவிந்த தீட்சிதர் கட்டியவை என்பார்கள். எந்த மண்டபத்தின் அடியில் நின்றேன் என்பதை இன்றும் காட்டுவேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அழுதாள். என் வாழ்க்கையில் நான் எடுத்த முதல் நிலைப்பாடு அது.

2025 மார்ச் 15

மேலே எழுதியது தவறு. அழிக்காமல் விட்டுவைக்கிறேன், ஏனென்றால் அந்தத் தவறும் இந்தக் கேள்விக்கு வேண்டியதுதான்.

என் அக்காவுக்கு எண்பது வயது. தொலைபேசியில் அவளுக்கு இதைப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். அந்த மாசியில் நான் கல்லூரியிலேயே இல்லை என்றாள். உண்மைதான். பள்ளி இறுதித் தேர்வை 1968 வசந்தத்தில்தான் எழுதினேன். புகுமுக வகுப்பில் சேர்ந்தது அந்த ஜூனில். மகாமகத்தன்று பள்ளிச் சட்டையும் அரைக்கால் சட்டையும் போட்ட பையன் நான். நான் குளத்தில் இறங்கியதும், மூன்று முறை முழுகியதும், என் சட்டையைக் கரையில் அவளே பிடித்துக்கொண்டு நின்றதும், மூக்கில் தண்ணீர் ஏறி நான் தும்மியதும் அவளுக்கு நன்றாக நினைவிருக்கின்றன. கறுப்புச் சட்டை அடுத்த ஆண்டுதான் வந்தது என்றாள். அவளே தைத்துக் கொடுத்தாளாம்.

ஐம்பத்தேழு ஆண்டுகளாக இல்லாத ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த மண்டபத்தின் கீழே நின்றிருக்கிறேன். மகனிடம் சொல்லியிருக்கிறேன், தொழிற்சங்கக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். பொய் சொன்ன நினைவே இல்லை. புராணம் எப்படி உண்டாகிறது என்று நாற்பது ஆண்டு விளக்கம் சொன்னவன், என் வீட்டிலேயே ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கிறேன்.

2025 மார்ச் 16

அக்கா மறுபடி அழைத்தாள். அம்மா அழவும் இல்லையாம். அவளுக்கு அன்று கூட்டத்தில் ஒற்றை மெட்டி தொலைந்துபோன கவலை.

2025 ஏப்ரல் 3

1968ஐ நான் குளத்தோடு நிறுத்திக்கொண்டது சில நாட்களாக உறுத்துகிறது. அந்த ஆண்டு மாசியில் மகாமகம் என்றால், மார்கழியில் கீழ்வெண்மணி. டிசம்பர் 25 இரவு, அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழைப் பகுதியில், கூடுதலாக அரைப்படி நெல் கூலி கேட்டுச் சங்கம் வைத்த தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பத்தினர் 44 பேர், ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. ஏழை எளியவர்களின் ஆட்சி வந்துவிட்டது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த காலம். அண்ணா முதலமைச்சராக இருந்தார், அடுத்த பிப்ரவரி 3இல் அவரும் மறைந்தார்.

நான் பிறந்து வளர்ந்தது கும்பகோணத்துக்குத் தெற்கே, திருமலைராசன் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூரில். அப்பாவுக்கு இரண்டு வேலி நிலம். மிராசுதார் என்று சொல்லிக்கொள்ளப் போதாது, ஆனால் சொல்லிக்கொண்டார். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல், நான் பிறந்த ஆண்டில். சட்டத்துக்கும் எனக்கும் ஒரே வயது என்றாலும், எங்கள் கொல்லைப்புறத்துக்கு அது வந்து சேரவில்லை. மாட்டுக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பண்ணையாள் ஒருவர் இருந்தார். என் அப்பாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லி, வா போ என்று கூப்பிடுவேன். அவருக்குக் கொட்டாங்கச்சியில் நீராகாரம் ஊற்றுவது பள்ளி விடுமுறை நாட்களில் என் வேலை. கை பட்டுவிடக் கூடாது என்பதால் ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். சிந்தாமல் ஊற்றுவதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. கறுப்புச் சட்டை இல்லை என்று அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் கைதான் இதை எழுதுகிறது.

வெண்மணிச் செய்தி வந்த நாளிதழை அப்பா படித்துவிட்டு மடித்துக் கணக்குப் பலகைக்கு அடியில் வைத்துவிட்டார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று மாலை பண்ணையாள் வழக்கம் போலக் கூலி வாங்க வந்து கொல்லையில் நின்றார். எப்போதும் படியைத் தலைதட்டி அளக்கிற அப்பா, அன்று தலைதட்டாமல் கோபுரமாகக் குவித்து அளந்தார். அவர் வேட்டித் தலைப்பில் வாங்கிக்கொண்டு, படியையும் பார்க்காமல் அப்பாவையும் பார்க்காமல் போனார். ஒரு வாரமோ பத்து நாளோ அப்படி அளந்திருப்பார். பொங்கலுக்குள் படி மறுபடியும் தலைதட்டி ஆகிவிட்டது.

கேள்வி கேட்ட நண்பருக்கு இப்போது என் பதில் கொஞ்சம் மாறுகிறது. எழுபதுக்கு மேல் என்னை இரவு மூன்று மணிக்கு எழுப்புவது கடவுள் உண்டா இல்லையா என்பது இல்லை. அதை இருபது வயதில் தீர்த்துக்கொண்டேன், சரியாகவோ தவறாகவோ. எழுப்புவது அந்தப் படி. அப்பாவைப் பற்றியது என்றுகூட இதை ஒதுக்கிவிட முடியவில்லை, ஏனென்றால் அப்பா குவித்து அளந்ததைக் கவனித்த நான், மறுபடி தலைதட்டியதையும் கவனித்தேன்.

2025 ஏப்ரல் 5

விட்டுப்போனது ஒன்று. 1969 ஜனவரியில் கல்லூரி மன்றத்தில் நான் வெண்மணியைப் பற்றிப் பேசினேன். தில்லையில் நந்தன் புகுந்த நெருப்பையும் வெண்மணி நெருப்பையும் இணைத்து ஒரு வாக்கியம் சொன்னேன். கைதட்டல் நிற்க நேரமானது. அது நல்ல வாக்கியம்தான். பேசிவிட்டு ஊருக்குப் போய், கொல்லையில் அவர் கொட்டாங்கச்சியோடு உட்கார்ந்திருக்க, உள்ளே இலை போட்டுச் சாப்பிட்டேன். நம் வீட்டில் கூலி எத்தனை படி என்று அப்பாவிடம் ஒரு முறையும் கேட்டதில்லை.

2025 ஏப்ரல் 9

பாவ புண்ணியக் கணக்கு என்று நாங்கள் சொல்வதைத்தான் நீங்கள் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள், ஆகவே உங்களுக்கும் பக்தி வந்துவிட்டது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். என் மனைவியும் இதைப் படித்துவிட்டு, சித்திரகுப்தன் வேலையை நான் எடுத்துப் பார்ப்பதாகச் சொல்கிறாள்.

யோசித்துப் பார்த்தேன். சித்திரகுப்தன் ஏட்டில் கழித்தல் உண்டு. மகாமகத்தில் முழுகினால் கழியும் என்றுதானே பல லட்சம் பேர் வருகிறார்கள்? நானும் முழுகியிருக்கிறேன், சாட்சி எண்பது வயதில் இருக்கிறாள். முழுகியது மாசியில், படி மார்கழியில். முன்கூட்டியே கழித்துக்கொள்ள அந்தக் குளத்திலும் வழி இல்லை.

கழிக்க நானும் முயன்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018 டிசம்பர் 25, ஐம்பதாம் ஆண்டு நினைவு நாளில், திருவாரூர், கீழ்வேளூர் வழியாகப் பேருந்தில் வெண்மணிக்குப் போனேன். அதற்கு முன் போனதில்லை. என் வீட்டிலிருந்து ஒரு காலைப்பொழுதுத் தொலைவு, ஐம்பது ஆண்டு பிடித்தது. செங்கொடிகளும் பேச்சும் கூட்டமுமாக இருந்தன. இறந்தவர்களின் பெயர்களைப் படித்தேன், தேநீர் குடித்தேன், திரும்பிவிட்டேன். யாரிடமும் நான் யார் என்று சொல்லவில்லை; சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்த ஆண்டு எங்கள் பண்ணையாளின் பேரன் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருப்பதாகத் தெரிந்து, எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். உங்கள் தாத்தா எங்கள் வீட்டில் வேலை பார்த்தவர் என்று ஆரம்பித்து, கொட்டாங்கச்சியையும் படியையும் பற்றி ஏதோ உளறினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஐயா, இது பட்டா விஷயமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தாத்தா உங்கள் வீட்டைப் பற்றி எங்களிடம் ஒன்றும் சொன்னதில்லை என்றார். இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் அழைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

2025 மே 18

சற்று இறுக்கமாகப் போய்விட்டது. மனைவியின் ஆணைப்படி இன்று கோவில் கதை.

எங்கள் திருமணம் 1979இல், புரோகிதர் இல்லாமல் நடந்தது. அண்ணா ஆட்சியில் 1967இல் இயற்றிய திருத்தச் சட்டத்தால் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று ஆகிவிட்டதால், மாமனாரால் சட்டத்தைக் காட்டி மறுக்க முடியவில்லை. தலைவர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். புரோகிதர் என்றால் அதற்குள் முடித்திருப்பார் என்று என் மாமியார் சொன்னது இன்றும் எங்கள் வீட்டில் வழங்குகிறது. மறுநாள் விடிவதற்கு முன், வெறும் ஊர் சுற்றிப் பார்க்க என்று சொல்லி எங்களைச் சுவாமிமலைக்கு அழைத்துப் போனார்.

சுவாமிமலையில் அறுபது படிகள்; தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயர்கள் அவற்றுக்கு. நான் பிறந்த நந்தன ஆண்டு இருபத்தாறாவது படி. இப்போது நடக்கும் விசுவாவசு முப்பத்தொன்பதாவது. போன வாரம் போனபோது அந்தப் படி வரைக்கும் மூச்சு வாங்காமல் ஏறினேன், அதற்கு மேல் கடைசிப் படியான அட்சய ஆண்டை எட்டுவதற்கு இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. மூட்டு மாற்றிய என் மனைவி கைத்தடியோடு மேலே நின்று, எந்த வருஷத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்கிறாள்.

2012இல் நந்தனம் திரும்பி வந்தது, எனக்கு அறுபது முடிந்தது, ஓய்வும் அதே மாதம். மகன் பெங்களூரிலிருந்து வந்து திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று நின்றான். நான் மறுத்தேன். உங்கள் கொள்கைக்காக என் முதல் கல்யாணத்தை விட்டுக்கொடுத்தேன், என் கொள்கைக்காக இரண்டாவதை விட்டுக்கொடுங்கள் என்று மனைவி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். நியாயமான பங்கீடு, அரைப்படிக்குப் போராடியவர்களைப் பற்றிப் பேசியவனுக்கு மறுக்க வாய் இல்லை. அங்கே ஒரே நேரத்தில் பல ஜோடிகள் கலச நீரில் நனைந்துகொண்டிருந்தார்கள். புகையில் என் கண் கலங்கியதை வைத்து என் மைத்துனர் ஊரெல்லாம் என்னை ஆத்திகனாக்கிவிட்டார்.

2025 ஜூன் 22

முதியோர் உதவித்தொகை பற்றி ஒருவர் கேட்டதற்குச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் அது 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011இல் 1,000 ஆகி, 2023இல் 1,200 ஆனது. என் காலத்தில் அது மணியார்டராக வரும். தபால்காரர் விடுப்பில் போகும் நாட்களில் நானும் சில தெருக்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். கைநாட்டு வைத்துவிட்டுக் கிழவிகள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். ஒரு அம்மாள், உன்னைக் கும்பிடவில்லை தம்பி, நீ வழியில் நிற்கிறாய் என்றாள்.

இப்போது ஆண்டுதோறும் நவம்பரில் நான் உயிரோடு இருப்பதை நிரூபிக்கும் முறை எனக்கு. நாற்பது ஆண்டு முத்திரை குத்தி, நோட்டு எண்ணித் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்க மறுக்கிறது. நான்கு விரல் பார்த்துவிட்டு அந்தப் பெண், தாத்தா வேறு விரல் இருக்கிறதா என்று கேட்டாள்.

2025 ஜூலை 16

இன்று இந்த ஊரில் யாரும் எதையும் வாதிடுவதில்லை. 2004 ஜூலை 16, பள்ளித் தீயில் 94 குழந்தைகள்.

அந்த ஆண்டு மார்ச் 6 அன்று மகாமகம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. 1992 போல ஆகவில்லை என்று ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது. நான்கு மாதத்தில் தீ. அந்த டிசம்பர் 26இல், மார்கழிப் பௌர்ணமியன்று, கடல். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். கிறிஸ்துமஸ் முடிந்து வேளாங்கண்ணியில் இருந்தவர்களும் அதில் போனார்கள். எந்தச் சாமியைக் கும்பிட வந்தவர் என்று அலை பார்க்கவில்லை என்பதை வாதமாக முன்வைக்க எனக்கு அப்போது 52 வயது, தெம்பு இருந்தது. ஆனால் வாதிடவில்லை.

தீ விபத்துக்குப் பிறகு பல வாரங்கள், எங்கெங்கோ இருக்கும் பள்ளிக் குழந்தைகள் எழுதிய அஞ்சலட்டைகள் வந்துகொண்டிருந்தன. முகவரியில் தெரு இல்லை, எண் இல்லை. கும்பகோணம் பிள்ளைகளுக்கு என்று மட்டும் இருந்த ஒன்றை யாரிடம் பட்டுவாடா செய்வது என்று தெரியாமல் இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். பிறகு முத்திரை குத்தி மற்றவற்றோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். வேறு என்ன செய்ய முடியும் என்று இன்றும் தெரியவில்லை.

தீப்பிடித்த அன்று மாலை என் மனைவி விளக்கேற்றவில்லை. இருபத்தைந்து ஆண்டில் அதுவே முதல் முறை. நான் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடி ஏற்றினாள். அப்போது கேட்டேன். சண்டை போடுவதற்கும் அவர் முகம் தெரிய வேண்டாமா என்றாள்.

கேள்வி கேட்டவருக்கு: பக்தி என்று நான் மதிப்பது ஒன்று உண்டென்றால் அது. ஆனால் அது வயதால் அவளுக்கு வந்தது இல்லை. இருபத்திரண்டு வயதில் என் வீட்டுக்கு வந்தபோதே கொண்டுவந்தது.

2025 ஜூலை 17

அவள் திருத்தச் சொல்கிறாள். இருபத்தொன்று.

2025 ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. மேட்டூர் ஜூன் 12இலேயே திறந்துவிட்டதால் காவிரி கரை தொட்டுப் போகிறது. பகவத் படித்துறையில் காதோலை கருகமணியும் கலந்த சாதமுமாகக் கூட்டம். மனைவி படியில் இறங்கக் கூடாது என்பதால், நான் இறங்கி அவள் சார்பாக மஞ்சளையும் பூவையும் ஆற்றில் விட்டேன். கறுப்புச் சட்டை இல்லை என்று அக்காவுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கரையில் உட்கார்ந்து பேசியது பெரிய விஷயம். நான் இறந்தபின் உடலைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். மார்க்சிஸ்ட் தலைவர்களில் ஜோதிபாசு உடலை 2010இல் கொடுத்தார்கள், போன செப்டம்பரில் சீதாராம் யெச்சூரி உடலைத் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். படிவத்தை வாங்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஆனால் கையெழுத்துப் போட்டவன் எழுந்துபோய் ஒப்படைக்க முடியாது. கொடுப்பது குடும்பம்தான்; அவர்கள் மறுத்துவிட்டால் என் கொள்கை சுடுகாட்டுக்குத்தான் போகும். நாற்பத்தாறு ஆண்டு வாதத்தில் கடைசிச் சொல் அவளுடையது என்று அந்தப் படிவத்தைப் படித்தபோதுதான் புரிந்தது.

காரியம் செய்ய ஒன்றும் இருக்காதே என்றாள். செய்வதற்கு என்ன இருக்கிறது என்று இருபது வயதில் சொல்லியிருப்பேன். இன்று, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். ஆற்றில் கரைக்க ஏதாவது வேண்டும் என்றாள். தலைமுடியும் நகமும் போதுமா என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்த பிறகு நிபந்தனை வந்தது: 2028 மகாமகத்தில் அவளோடு நான் குளத்தில் இறங்கி முழுக வேண்டும், சட்டையை யாராவது பிடித்துக்கொள்ளலாம், அதன் பிறகு கையெழுத்து.

அவள் மூட்டுக்கும் என் மூச்சுக்கும் அந்தக் கூட்டத்தில் இறங்குவது நடக்கிற காரியமா என்றேன். அதுவரைக்கும் இருவரும் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனையில் சேர்த்தி என்றாள்.

2025 ஆகஸ்ட் 6

ஒப்புக்கொண்டீர்களா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒப்புக்கொண்டேன். அதைக் கேள்வி கேட்டவர் தம் வெற்றியாக எடுத்துக்கொள்ளலாம். திருக்கடையூர்ப் புகையைப் போல இதுவும் என் மைத்துனர் காதுக்குப் போகும்.

படிவம் இப்போது என்னிடம் இல்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று மனைவி அதைப் பூசை அலமாரியில் எண்ணெய்க் குப்பிக்கு அடியில் வைத்தாள். இன்று காலை எடுத்துப் பார்த்தால், என் கையெழுத்து இருக்கும் இடத்தில் நல்லெண்ணெய் இறங்கி எழுத்துக் கலங்கிவிட்டது. இது செல்லாது, வேறு வாங்கி வாருங்கள் என்கிறாள். நாளை காலை 7 மணிப் பேருந்தில் தஞ்சாவூர் போகிறேன். இரண்டு படிவங்கள் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள். இரண்டாவது எதற்கு என்று கேட்டேன், முதலில் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றாள்.